தட்டில் ஏறாத ஆந்தை

சந்தையில் என் அத்தானுக்குத் 'தராசு' என்று பெயர். என் அக்காவின் கணவர் அவர். எடையளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். தெருமுனையில் அவருடைய சைக்கிள் தெரிந்ததுமே முதல் கடையில் "தராசு வருது" என்று ஒரு குரல் கிளம்பும். அது கடைசிக் கடையை எட்டுவதற்குள் தட்டுகளின் அடியில் ஒட்டியிருந்த காந்தமும் மெழுகும் காணாமல் போயிருக்கும். அப்படியும் அவர் பிடித்துவிடுவார். தட்டைப் பார்க்க மாட்டாராம், நிறுப்பவனுடைய சுண்டுவிரலைத்தான் பார்ப்பாராம். "கல்லு பொய் சொல்லாது மச்சான், விரல்தான் சொல்லும்" என்பார்.

லஞ்சம் வாங்காதவர். இதை ஒரு தகுதியாக எழுத வேண்டியிருப்பதே கேவலம், இருந்தாலும் எழுத வேண்டியிருக்கிறது. நகைக்கடை முதலாளி ஒருவர் வீடு தேடி வந்து பழக்கூடை வைத்துவிட்டுப் போனபோது, கூடையை அப்படியே எடை போட்டு, எத்தனை கிலோ என்று ரசீது எழுதி, ஆள் வைத்துத் திருப்பி அனுப்பினார். கடைக் கல்லைத் தேய்த்து வைத்திருந்ததற்கு அவர் மேல் வழக்கும் போட்டார். அதே வாரம் நடைபாதையில் காய் விற்கும் ஒரு பெண்ணின் ஒரு கிலோ கல் பன்னிரண்டு கிராம் குறைகிறது என்று அவள் மீதும் வழக்குப் போட்டார். அன்றைக்கு நான் அவரோடு சண்டை பிடித்தேன்.

"அத்தான், அந்தம்மா கல்லைத் தேய்க்கல. பதினஞ்சு வருஷமாப் புழங்கித் தேஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணா?"

"தட்டுக்கு அது தெரியாது மச்சான்."

"உங்களுக்குத் தெரியுமில்ல?"

"எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுத ஆரம்பிச்சா அப்புறம் எதுக்கு எடை?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு நேர்மை இருக்கிறது, பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒரே தட்டு என்கிற நேர்மை, என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். அளவுகளை மதிக்கிறவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்கும்.

பழைய கிரேக்க வெள்ளிக்காசு சேர்க்கும் பைத்தியம் அவருக்கு இந்த வேலையிலிருந்துதான் பிடித்தது. பணியில் சேர்ந்த புதிதில் படித்த எடைகளின் வரலாற்றில் ஒரு பக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஏதென்ஸ் நகரம் வெளியிட்ட பெரிய வெள்ளிக்காசு ஏறத்தாழப் பதினேழு கிராம் இருபது. அவர்கள் எத்தனையோ போர் செய்தார்கள், தோற்றார்கள், பஞ்சம் வந்தது. காசின் எடை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெரிதாக அசையவில்லை. "ஒரு ஊரே சுண்டுவிரலை எடுத்துட்டு நின்னிருக்கு பாரு" என்பார், கண்ணெல்லாம் மின்ன.

பதினெட்டு வருடத்தில் பதினொரு காசு. அதற்கு மேல் அந்தச் சம்பளத்தில் முடியாது. ஏஜினா தீவின் ஆமைக் காசு, கொரிந்து நகரத்தின் இறக்கைக் குதிரை, அலெக்சாந்தர் பெயர் பொறித்த சில்லறை. பச்சைத் துணி ஒட்டிய பலகையில் வட்டக்குழி வெட்டி ஒவ்வொன்றையும் உட்கார வைத்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அதில் ஊர், உருவம், காலம், எடை. ஆமை வந்த அன்று அக்கா வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நீங்க என்னடான்னா காசு குடுத்துக் கூட்டிட்டு வர்றீங்க."

"அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சேத்துத்தான் சொல்வாங்க. நான் கிட்டத்தட்ட அமீனா. நான் புகுந்தே இருபது வருஷம் ஆச்சு, இனிமே ஆமை வந்து புதுசா என்ன கெடுக்கப்போகுது?"

அக்கா சிரித்துவிட்டு வழிவிட்டாள்.

அந்த ஏதென்ஸ் காசு மட்டும் கடைசிவரை கைக்கு எட்டாமல் இருந்தது. ஒரு பக்கம் அத்தீனா என்கிற தேவதையின் முகம். மறுபக்கம் முட்டைக்கண் ஆந்தை. ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால், வெளியூர் வணிகர் ஒருவரிடமிருந்து தபாலில் அது வந்து சேர்ந்தது. கூடவே ஓர் அச்சிட்ட சீட்டு: எடை 17.18 கிராம். அத்தான் அந்த எண்ணைத் தன் மணிமணியான கையெழுத்தில் அட்டையில் எழுதினார். "முழியைப் பாரு, உங்களை மாதிரியே" என்றாள் அக்கா.

எங்கள் ஊரில் பழங்காசு சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பதினான்கு பேர். ஒரு பல் மருத்துவர் தலைவர். நான் செயலாளர். என்னிடம் ஒரு செப்புக்காசுகூடக் கிடையாது, கடிதம் எழுத வருமே என்று சேர்த்துக்கொண்டார்கள். வருடத்துக்கு இரண்டு ஞாயிறு, பொது நூலகத்தின் மாடிக்கூடத்தில் கண்காட்சி வைப்போம். அத்தான் தன் சின்னத் தராசையும் கொண்டுவருவார். வருகிறவர்கள் கண் முன்னால் ஆமையை நிறுப்பார், குதிரையை நிறுப்பார், அட்டையில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போவதைக் காட்டுவார். ஆந்தையை மட்டும் தட்டில் வைக்க மாட்டார். "அது ராஜா. தட்டுல எல்லாம் ஏறாது" என்பார். எல்லோரும் சிரிப்போம்.

இன்னொன்றும் சொல்வார். பழைய ஏதென்ஸில் காசைச் சோதிக்கச் சந்தையில் ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே செம்பு, மேலே வெள்ளி என்று தெரிந்தால் அங்கேயே வெட்டிவிடுவான். அவன் அரசாங்கத்தின் அடிமை. வேலையில் தவறினால் அவனுக்கு ஐம்பது சாட்டையடி என்று சட்டமே இருந்தது. "என் வேலைக்கு மூதாதை அவன்தான்" என்று அத்தான் பெருமையாகச் சொல்வார். கள்ளக்காசு செய்தவனை விட்டுவிட்டு அடிமையின் முதுகைத் தேடிய சட்டத்தைப் பற்றி அந்தக் கூடத்தில் நான் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. சுவாரசியமான கதை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நூலகத்தைக் கூட்டித் துடைத்து, சன்னல்களைத் திறந்து, பூட்டுகிற வேலை ஒரு பெண்ணுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் கொத்துச் சாவி தொங்கும், அதனால் படிக்க வருகிறவர்கள் சாவிக்காரம்மா என்பார்கள். ஒன்பது வருடமாக அங்கே வேலை. ஆனால் நூலகத்தின் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. ஒப்பந்தக்காரரின் ஆள். வேலையும் வியர்வையும் நூலகத்துக்கு, ஆள் மட்டும் வேறொருவருக்கு என்ற இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் பெரிய கெட்டிக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் நன்றாகவே இருந்தது. உறுப்பினர்களில் எட்டுப் பேர் ஆந்தையைக் கையில் வாங்கிப் பார்த்தோம். பல் மருத்துவர் ஏதோ நகைச்சுவை சொல்லிச் சிரித்தபோது அவர் கையிலிருந்து அது நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து, நாற்காலிக் காலில் மோதி நின்றது. அத்தான் முகம் வெளுத்தது.

"ஒண்ணும் ஆகல. ரெண்டாயிரத்து நானூறு வருஷம் தாங்கினது, என் கைக்கா உடையப்போகுது?" என்று எடுத்துக் கொடுத்தார் மருத்துவர்.

மத்தியானம் நாங்கள் பக்கத்து அறையில் சாப்பிடப் போனோம். "ஏம்மா, கொஞ்சம் பாத்துக்க" என்று சாவிக்காரம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்ததும் நாங்களேதான். அவர் ஒரு முக்காலியை வாசலருகே போட்டு, மடியில் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்தார். திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் அப்படியே இருந்தார். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

சாப்பிட்டு வந்த தெம்பில் மருத்துவர் பூதக்கண்ணாடியோடு பலகை மேல் குனிந்தார்.

"தராசு சார், இங்க வாங்க. உங்க ஆந்தைக்குச் சொத்தை விழுந்திருக்கு."

விளிம்பில், ஆந்தையின் காலருகே, கடுகளவு சிவப்பு. வெள்ளித்தோல் உரிந்து உள்ளே செம்பு தெரிந்தது. அத்தான் காசை எடுத்துத் தராசில் வைத்தார். முதல் தடவையாக. பதினைந்து கிராம் அறுபது. அட்டையில் பதினேழு பதினெட்டு. மறுபடி நிறுத்தார். அதே பதினைந்து அறுபது.

"மாத்திட்டாங்க" என்றார். அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் அவர்தான்.

மாற்றிவிட்டார்கள் என்றால் யார்? எட்டுப் பேர் அதைத் தொட்டிருந்தோம். ஒருவர் மருத்துவர், ஒருவர் வங்கி மேலாளர், ஒருவன் ஆசிரியன். எங்களில் ஒருவர் பையைத் திறக்கச் சொல்லும் எண்ணம் அங்கே யாருக்கும் வரவில்லை. எல்லோருடைய கண்ணும் வாசலருகே இருந்த முக்காலிக்குப் போனது. அந்தக் கூடத்தில் காசைத் தொடவே தொடாத ஓர் ஆள் அதில் உட்கார்ந்திருந்தார்.

"இவ வீட்டுக்காரன் முலாம் பூசற பட்டறையில வேலை பாக்கறான்" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். முடிந்தது. படித்தவர்கள் ஒரு பொய்யைக் கட்டுவதற்கு எத்தனை செங்கல் வேண்டும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஒன்று போதும்.

"ஏம்மா, பையைக் கொஞ்சம் குடு" என்றார் மருத்துவர்.

"எதுக்குங்க?"

"எதுக்கா? மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு?"

காட்சி மேசையின் ஓரத்தில், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, மருத்துவரே பையைக் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு, மண்புழுக்களைப் பற்றிய நூலகப் புத்தகம். டப்பாவைத் திறந்து, மீதமிருந்த சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டப்பட்டிருந்தது. கூட்டைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தார்கள். சாவிக்காரம்மா அழவில்லை. என் அத்தானை மட்டும் பார்த்தார்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. ஒன்பது வருஷமா உங்களுக்குக் கூடத்தைத் தொறந்து விடறேன். நான் எடுத்தேனா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. எடை சொல்லுது" என்றார் அத்தான்.

மறுநாள் நான் என் பங்கைச் செய்தேன். பள்ளி ஆய்வகத்தில் காசை நூலில் கட்டித் தண்ணீரில் முக்கி, அடர்த்தி கண்டுபிடித்தேன். ஒன்பதே கால் சொச்சம். வெள்ளியென்றால் பத்தரை வர வேண்டும். உள்ளே செம்பு என்பது உறுதி. கணக்கு அழகாக வந்ததில் எனக்கு ஒரு குஷிகூட இருந்தது. அந்தக் குஷியோடேயே நூலகருக்குக் கடிதம் எழுதினேன்: 'நீரில் அமிழ்த்தி அறிவியல் முறைப்படி சோதித்ததில், அசல் காசு அகற்றப்பட்டுப் போலி வைக்கப்பட்டிருப்பது உறுதியாகிறது. அவ்வேளையில் கூடத்தில் தனியாக இருந்தவர் துப்புரவுப் பணியாளர் மட்டுமே.' கீழே செயலாளர் என்று கையெழுத்து.

நூலகர் ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தார். ஒப்பந்தக்காரர் விசாரிக்கவில்லை, ஒரு ஆளை எடுத்துவிட்டு இன்னொரு ஆளை அனுப்பினார். ஒன்பது வருடம் ஒரு போனில் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து அத்தான் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த முலாம் பட்டறைக்குப் போனார். "போலீஸ், கேஸ் எல்லாம் வேண்டாம் மச்சான். பாவம், பொழச்சுப் போகட்டும். காசைக் குடுத்துட்டா நான் மன்னிச்சுடறேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய பெருந்தன்மையை நானும் மெச்சிக்கொண்டு நடந்தேன்.

தகரக் கூரைப் பட்டறை அது. உள்ளே அமிலக் காரம் மூக்கைப் பிடுங்கியது. தொட்டிகளில் கம்பி கட்டிய கரண்டிகளும் குழாய்த் திருகுகளும் தொங்கின. சாவிக்காரம்மாவின் கணவர் ரப்பர் கையுறையைக் கழற்றாமலேயே வந்தார். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அவர் முழுவதும் கேட்டார். கோபப்படுவார் என்று நான் ஓரடி பின்னால் நின்றிருந்தேன்.

"கொண்டாந்திருக்கீங்களா? காட்டுங்க" என்றார்.

கையுறையைக் கழற்றி, காசை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். நகத்தால் அந்தச் சிவப்புப் புள்ளியின் ஓரத்தை நெருடினார்.

"இது முலாம் இல்லீங்க."

"செம்பு தெரியுதே?"

"செம்புதான். ஆனா மேல இருக்கறது தொட்டியில ஏத்துன பூச்சு இல்ல. எங்க பூச்சு தலைமுடி கனம்கூட வராது, உரிஞ்சா பொடியாப் போகும். இங்க பாருங்க, தோல் எவ்வளவு தடிமன்னு. இது தகடு. செம்பு வில்லைக்கு வெள்ளித்தகட்டைப் போத்தி, காய்ச்சி, அடிச்சிருக்கான். நல்ல வேலைக்காரன்தான் எவனோ." காசைத் திருப்பினார். "தோலுக்கு அடியில பச்சை பூத்துக் கல்லா இறுகியிருக்கு பாருங்க. இது நேத்து பூத்த பச்சை இல்ல. நான் எந்த அமிலத்துல போட்டு எடுத்தாலும் ஒரு மாசத்துல இப்படி வராது. இந்தக் காசு பொறந்ததே இப்படித்தான்."

பட்டறையில் யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். திடீரென்று அமைதி.

"வாங்கினப்ப எடை போட்டீங்களாய்யா?" என்று கேட்டார் அவர்.

அத்தான் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் எத்தனையோ கடைக்காரர்கள் அவர் முன்னால் அந்த முகத்தோடு நின்றிருப்பார்கள்.

"வாங்கிக்கங்க" என்று காசைத் திருப்பிக் கொடுத்தார் முலாம்காரர். "என் வீட்டுக்காரி ஒரு வாரம் சாப்பிடல. நீங்க மன்னிக்க வந்தேன்னு சொன்னீங்களே, அதை அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். கெட்ட வார்த்தை பேசுவா."

அத்தான் வீட்டுக்கு வந்து, போன வருடக் கண்காட்சியில் நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தேவதையின் கன்னத்தில் ஒரு மெல்லிய கீறல், ஆந்தையின் இறக்கையில் ஒரு பள்ளம், விளிம்பில் ஒரு கொப்புளம். எல்லாம் அப்படியே கையிலிருந்த காசிலும் இருந்தன. அந்தக் கொப்புளம்தான் தரையில் விழுந்து உடைந்திருக்கிறது. யாரும் எதையும் மாற்றவில்லை. திருடன் உண்டு. ஆனால் அவன் செத்து இரண்டாயிரத்து நானூறு வருடம் ஆகிறது.

"ஏன் அத்தான் எடை போடல? மத்த பத்தையும் போட்டீங்களே?"

அத்தான் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

"வந்த அன்னிக்கே தட்டுகிட்ட கொண்டுபோனேன். கையில வெச்சப்பவே கொஞ்சம் லேசா இருந்துச்சு. போட்டா என்ன வருமோன்னு பயம். எடுத்துட்டேன். சீட்டுல இருந்ததை எழுதிட்டேன்."

அக்கா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள்.

"முப்பத்தொரு வருஷம் ஊர்ல உள்ளவன் சுண்டுவிரலை எல்லாம் பாத்தீங்க" என்றாள். "ஒரு பொம்பள சோத்துல கரண்டியை விட்டுக் கிளறினப்ப உங்க விரல் எங்க இருந்துச்சு? போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லிட்டு வந்தப்புறம் இந்த வீட்ல சாப்பிடுங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அத்தான் என் வீட்டில் சாப்பிட்டார்.

சங்கக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னபோது மருத்துவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி, தப்பு நடந்துபோச்சு. அதை இப்ப ஏன் கிளறணும்? அந்தம்மா வேற இடத்துல வேலைக்குப் போயிடுச்சாம். ஊமைக்காயம் தானா ஆறிடும். ஒரு கடுதாசி குடுத்துடுங்க, பட்டும் படாம." இன்னொருவர், பழங்காலப் போலிக்குத் தனி மதிப்பு உண்டு, விற்பதாக இருந்தால் தன்னிடம் சொல்லும்படி அத்தானின் காதில் சொன்னார்.

பட்டும் படாமல் எழுதுவதில் நான் கெட்டிக்காரன். 'மேற்படி காசு குறித்து எழுந்த சந்தேகம் நீங்கியது எனத் தெரிவித்துக்கொள்கிறோம்.' அத்தான் படித்துப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு இருவரும் சாவிக்காரம்மாவைத் தேடிப் போனோம்.

ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருந்தார். நீராவி. மலைபோல் வெள்ளை விரிப்புகள். இன்னொரு பெண் ஒரு முனையைப் பிடிக்க, இவர் மறுமுனையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மடிப்பை நிறுத்தவில்லை. அத்தான் கடிதத்தை நீட்டினார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, நூல் கட்டிய கண்ணாடியைப் போட்டு, ஒரு சொல்கூட விடாமல் படித்தார்.

"சந்தேகம் எழுந்துச்சுன்னு போட்டிருக்கு. யாருக்கு எழுந்துச்சு? யார் மேல எழுந்துச்சு? ஒண்ணுமே காணோமே."

"அம்மா, தப்பு என்னோடது…" என்று ஆரம்பித்தார் அத்தான்.

"இங்க சொல்லாதீங்கய்யா. இங்க நான் திருடின்னு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய எடம் அது." விரிப்பின் முனையை மறுபடி எடுத்தார். "என் பையை எந்த மேசையில கொட்டினீங்களோ, அந்த மேசைகிட்ட நின்னு சொல்லுங்க. கூட்டம் இருக்கும்போது சொல்லுங்க. நான் வந்து கேக்கறேன்."

"வேலைக்கும் நூலகர்கிட்ட பேசறோம்" என்றேன் நான்.

"அந்த வேலையில இப்ப இன்னொரு பொண்ணு இருக்கு. அதை வெளிய தள்ளிட்டா என்னை உள்ள விடுவீங்க? நல்ல நியாயம்." கூட இருந்த பெண் சிரித்துவிட்டாள். நாங்கள் வெளியே வந்தோம்.

அடுத்த கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருந்தது. அத்தான் அந்த இரண்டு மாதத்தில் கரைந்துபோனார். "வயசான காலத்துல எல்லார் முன்னாலயும்… சந்தைக்காரன் எவனாவது இருந்தான்னா?" என்று ஒரு நாள் கேட்டார். இன்னொரு நாள், அந்தக் காய்காரப் பெண் இப்போதும் அதே நடைபாதையில்தான் இருக்கிறாளா என்று விசாரித்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிடுவார் என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நின்றுவிட மாட்டாரா என்று எனக்குள் ஒரு சின்ன ஆசைகூட இருந்தது.

அவர் வந்தார். பத்துக் காசையும் வீட்டில் வைத்துவிட்டு, ஆந்தையை மட்டும் கொண்டுவந்திருந்தார். புது அட்டை ஒன்று எழுதியிருந்தார். பதினோரு மணிக்குச் சாவிக்காரம்மா கணவரோடு படியேறி வந்து, அந்த மேசைக்கு நேராக நின்றார். கூடத்தில் நாற்பது பேர் இருப்பார்கள்.

"அட்டையை வாசிங்கய்யா. சத்தமா" என்றார்.

அத்தான் வாசித்தார். "ஏதென்ஸ் காசின் போலி. பழங்காலத்திலேயே செய்தது. எடை பதினைந்து கிராம் அறுபது. வாங்கியபோது நான் எடை போடவில்லை. எடை போடப் பயந்தேன். விற்றவர் எழுதியதை என் கையால் எழுதி, அதுதான் உண்மை என்று எல்லோரையும் நம்ப வைத்தேன். இந்த நூலகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர் காசை மாற்றிவிட்டதாகப் பழி சொன்னேன். அவர் இதைத் தொடக்கூட இல்லை. அவருக்கு வேலை போனது என்னால்." கடைசி வரியில் குரல் உடைந்தது. மறுபடி எடுத்து, முழுதாகச் சொல்லி முடித்தார்.

பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

"தட்டாதீங்க" என்றார் சாவிக்காரம்மா. "இது நாடகம் இல்ல." தட்டியவர் கையை இறக்கினார். "இன்னொருத்தர் கையெழுத்து இருந்துச்சே, நூலகர் எனக்குக் காட்டின அந்த மொதக் கடுதாசியில. செயலாளர்னு. அவர் யாரு?"

நான் அலமாரிப் பக்கம் நின்றிருந்தேன். "நான்தாங்க" என்றேன்.

"கேக்கல."

இன்னொரு முறை சொல்லிவிட்டு மேசைக்கு வந்தேன்.

"தண்ணியில முக்கிச் சோதிச்சது நீங்கதானே? என்ன தெரிஞ்சுது?"

"உள்ள செம்பு இருக்குன்னு தெரிஞ்சுது."

"நான் மாத்தினேன்னு தெரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி எழுதினீங்க?"

இருபத்திரண்டு வருடமாக வகுப்பறையில் நான் பிள்ளைகளைக் கேட்டுவரும் கேள்வி அது. எப்படித் தெரியும்? எதை வைத்துச் சொல்கிறாய்? தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அது பொய். அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்த முக்காலியில டாக்டர் உக்காந்திருந்தா எழுதியிருக்க மாட்டேங்க" என்றேன். "நீங்க உக்காந்திருந்தீங்க. அதனால எழுதினேன்."

பல் மருத்துவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆங்" என்றார் சாவிக்காரம்மா. கணவரைப் பார்த்து, "வா, மத்தியான ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்றார். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.